ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதுவது எப்படி: கம்பரட்டிவும் சுப்பர்லட்டிவும், முதல் படியிலிருந்து திருத்தம் வரை

ஒப்பிடும் பெயரடைகளைப் படிக்க உட்காரும் எல்லோரும் அட்டவணையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். டோல், டோலர், டோலெஸ்ட். பிக், பிகர், பிகெஸ்ட். கொப்பியில் மூன்று கட்டம் போட்டு நூறு சொல் பாடமாக்கி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளையிடம் “அண்ணன் என்னை விட உயரம்” என்பதை எழுதச் சொன்னால் “மை பிரதர் மோர் டோலர் மீ” என்று வரும். சொல் தெரியாமல் வந்த பிழையல்ல இது. வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதால் வந்தது. யாரை யாரோடு ஒப்பிடுகிறோம், எத்தனை பேர் நடுவே என்பது முடிவான பிறகே சொல்லின் வடிவத்துக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. குறுக்கே தாவாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்து: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. எழுத்துக்கூட்டல் படியில் இவை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

இரண்டாவது, எம், இஸ், ஆர் என்ற மூன்றும் யார் யாருக்கு வரும் என்பது. தமிழில் “நுவரெலியா குளிர்” என்றால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் நடுவே “இஸ்” வராமல் முடியாது. ஒப்பீட்டு வாக்கியங்களில் நான் காணும் பிழைகளில் பெரும்பங்கு ஒப்பீட்டுப் பிழையே அல்ல, இந்த “இஸ்” விடுபட்டதுதான்.

மூன்றாவது, ஒப்பிடுவதற்கு உண்மையான தகவல். ஊர் பேர் தெரியாத ராமுவையும் சோமுவையும் வைத்துப் பழகினால், எழுதியது சரியா தவறா என்று உங்களுக்கே தெரியாது. தெரிந்த மலையை வைத்து எழுதினால், வாக்கியம் பிசகும்போது பொருளும் பிசகுவது கண்ணில் படும். ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிதுருதலாகலை 2,524 மீற்றர், கிரிகல்பொத்தை 2,388 மீற்றர், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். தலவாக்கலைப் பக்கம் வீதியிலிருந்தே தெரியும் டெவன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர், சென்கிளேயர் 80 மீற்றர். உயரத்தில் டெவன் முந்தும், அகலத்தில் சென்கிளேயர்.

2. இரண்டு பக்கத்தையும் முதலில் எழுதுங்கள்

பெயரடையைத் தொடாமல், ஒப்பிடப்படும் இரண்டையும் தாளின் இரு ஓரத்தில் எழுதுங்கள். இடப்பக்கம் டெவன், வலப்பக்கம் சென்கிளேயர். நடுவில் வர வேண்டியவை மூன்று, இந்த வரிசையில்: இஸ், தன்மை, தேன்.

“டெவன் இஸ் ஹையர் தேன் சென்கிளேயர்.”

தமிழில் நாம் “டெவன் சென்கிளேயரை விட உயரம்” என்போம். ஒப்பிடப்படுவது முன்னால், தன்மை கடைசியில். ஆங்கிலத்தில் தன்மை முன்னால் வந்து, ஒப்பிடப்படுவது கடைசிக்குப் போகிறது. தமிழ் வரிசையிலேயே சொற்களை அடுக்குகிறவர்கள் “டெவன் சென்கிளேயர் தேன் ஹை” என்று எழுதிவிடுகிறார்கள். இரு ஓரத்திலும் பெயரை எழுதிவைத்துவிட்டால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை.

இந்த “தேன்” டீ, எச், ஏ, என் என்ற நான்கு எழுத்து. ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஈ போட்டால் அது “பிறகு” என்று பொருள்படும் வேறு சொல். பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும், ஆனால் தாளில் புள்ளி போகும்.

இதே படியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: இரு பக்கமும் ஒரே இனமா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் “உன் கூடை என்னை விடப் பாரம்” என்று பேசிக்கொள்வோம், எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் “யுவர் பாஸ்கெட் இஸ் ஹெவியர் தேன் மீ” என்று எழுதினால், கூடை உங்கள் உடல் எடையை விடப் பாரம் என்று ஆகிவிடும். கூடைக்கு எதிரே கூடைதான் வர வேண்டும்: “தேன் மைன்.”

“நுவரெலியாத் தேயிலை ருகுணவை விட மென்மையானது” என்பதிலும் இதே சிக்கல். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒரு பிரதேசம். “த டீ ஒஃப் நுவரெலியா இஸ் லைட்டர் தேன் தட் ஒஃப் ருகுண” என்று எழுதினால் தேயிலைக்குத் தேயிலை நிற்கிறது. “தட் ஒஃப்” என்ற அந்த இரண்டு சிறு சொல்லை உயர்தரம் முடித்தவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

“என்னை விட” என்பதற்குத் “தேன் மீ” சரியா, “தேன் ஐ” சரியா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். பேச்சில் “தேன் மீ” தாராளமாகப் போகும். பரீட்சையில் “தேன் ஐ எம்” என்று முழுதாக எழுதுங்கள். அதில் யாரும் குறை காண முடியாது.

3. எத்தனை பேர் நடுவே என்று எண்ணுங்கள்

இரண்டு பக்கம் என்றால் கம்பரட்டிவ். மூன்றும் அதற்கு மேலும் உள்ள கூட்டத்தில் ஒன்றைத் தனியே தூக்கிக் காட்டினால் சுப்பர்லட்டிவ். தலையை எண்ணாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள். ஐம்பது பஸ்ஸை ஐம்பது வேனோடு ஒப்பிட்டாலும் பக்கம் இரண்டுதான்: “பஸஸ் ஆர் ஸ்லோவர் தேன் வேன்ஸ்.”

தமிழர் வழுக்கும் இடம் “மிக” என்ற சொல். “சிவனொளிபாதமலை மிக உயரமானது” என்று தமிழில் சொன்னால் நிரம்ப உயரம் என்றும் கொள்ளலாம், எல்லாவற்றிலும் உயரம் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்தே ஆகும். “வெரி ஹை” என்றால் நிரம்ப உயரம், அவ்வளவுதான். “த ஹையெஸ்ட்” என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மேலே குறித்த எண்களைப் பாருங்கள். சிவனொளிபாதமலைக்கு இரண்டாவதை எழுதினால் இலக்கணம் சரி, தகவல் பொய். அந்த வாக்கியம் பிதுருதலாகலைக்கே உரியது.

பிதுருதலாகலையைக் கம்பரட்டிவிலும் சொல்லலாம், ஆனால் ஒரு சொல் கூடுதலாக வேண்டும். “பிதுருதலாகலை இஸ் ஹையர் தேன் எனி மவுன்டன் இன் ஸ்ரீலங்கா” என்று எழுதினால், அது தன்னை விடவும் உயரம் என்றாகிறது. அதுவும் இலங்கையின் மலைதானே. “எனி அதர் மவுன்டன்” என்று எழுதுங்கள். எவரெஸ்டோடு ஒப்பிடும்போது இந்த “அதர்” வேண்டாம், ஏனென்றால் எவரெஸ்ட் இலங்கைக் கூட்டத்தில் இல்லை.

இருவருள் ஒருவரைச் சுட்டும்போது கம்பரட்டிவுக்கு முன்னும் “த” வரும்: “த டோலர் ஒஃப் த டூ.”

4. அசையை எண்ணுங்கள்

இப்போதுதான் சொல்லின் வடிவம். நாடிக்கு, அதாவது முகவாய்க்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். நாடி எத்தனை முறை கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. கோல்ட் ஒன்று, ஹெ-வி இரண்டு, எக்ஸ்-பென்-சிவ் மூன்று. இதைத் தமிழில் எழுதிப் பார்த்து எண்ணக்கூடாது. “கோல்ட்” என்று எழுதும்போது தமிழில் மூன்று எழுத்து வருகிறது. காதுக்கு அது ஒரே ஒலி.

ஓர் அசை என்றால் கடைசியில் ஈ-ஆர் அல்லது ஈ-எஸ்-டீ ஒட்டும்: கோல்டர், கோல்டெஸ்ட். மூன்றோ அதற்கு மேலோ என்றால் முன்னால் மோர் அல்லது மோஸ்ட் நிற்கும்: மோர் எக்ஸ்பென்சிவ், த மோஸ்ட் பியூட்டிஃபுல். இந்த இரண்டிலும் குழப்பம் குறைவு.

இரண்டு அசைதான் தொல்லை. முதலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். வை-யில் முடிந்தால் ஒட்டும்: ஹெவி, ஈசி, டேர்ட்டி, கிளவுடி, ஹேப்பி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். எல்-ஈ, ஓ-டபிள்யூ, ஈ-ஆர் என்று முடியும் பலவும் ஒட்டும்: சிம்ப்ளர், நெரோவர், கிளெவரர். “குவயட்” சொல்லும் “குவயட்டர்” ஆகும். மிச்சமுள்ள இரண்டசைச் சொற்களுக்கு மோர் போடுவதே பாதுகாப்பு: மோர் கெயார்ஃபுல், மோர் யூஸ்ஃபுல், மோர் ஃபேமஸ், மோர் மொடர்ன். கிளெவர், சிம்பிள் போன்றவற்றுக்கு இரண்டு வழக்கும் உண்டு. எதைப் போட்டாலும் தவறில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

ஈ-டீ, ஐ-என்-ஜீ என்று முடிந்து வினைச்சொல்லிலிருந்து வந்தவை அசை ஒன்றாக இருந்தாலும் மோர்தான் எடுக்கும். “போர்ட்” என்பது “மோர் போர்ட்”. “டயர்ட்” என்பது “மோர் டயர்ட்”. மலையில் நின்றுவிட்டு வந்த அம்மா உங்களை விடக் களைத்திருக்கிறார் என்று எழுத இது தேவைப்படும்.

ஒட்டும் மோரும் ஒன்றாக வரவே கூடாது. “மோர் டோலர்”, “மோஸ்ட் ஹையெஸ்ட்” எல்லாம் ஒரே வேலைக்கு இரண்டு பேர் போடுவது. ஏன் இந்தப் பிழை விடாமல் வருகிறது தெரியுமா? தமிழில் பெயரடை மாறுவதே இல்லை, “விட” என்ற தனிச்சொல்தான் ஒப்பீட்டைச் சுமக்கிறது. அதனால் தனிச்சொல் ஒன்று இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி மனம் தேடுகிறது, கை மோரை எழுதிவிடுகிறது. “விட”-வுக்கு நிகர் “தேன்” ஏற்கெனவே வாக்கியத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிழை பாதியாகக் குறையும்.

5. எழுத்துக்கூட்டல்

ஈ-யில் முடியும் சொல்லுக்கு ஆர் மட்டும், அல்லது எஸ்-டீ மட்டும் போதும். லார்ஜ் என்பதில் கடைசி ஈ ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

மெய்யெழுத்தை அடுத்து வை வந்தால் வை போய் ஐ வரும். ஹெவியர் என்பதில் வி-க்குப் பிறகு ஐ-ஈ-ஆர். வை-க்கு முன் உயிரெழுத்து நின்றால் மாறாது: க்ரேயர் என்பதில் வை அப்படியே இருக்கும்.

ஓரசைச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தும் மெய், உயிர், மெய் என்று நின்றால் கடைசி மெய் இரட்டிக்கும். பிக் என்பது பீ-ஐ-ஜீ. பிகர் என்பது பீ-ஐ-ஜீ-ஜீ-ஈ-ஆர். ஹொட், வெட், தின், ஃபட், சாட் எல்லாம் இப்படியே. நடுவில் உயிர் இரண்டு நின்றால் இரட்டிக்காது: கூலர், டீப்பர், ஸ்டீப்பர். கடைசியில் மெய் இரண்டு நின்றாலும் இரட்டிக்காது: கோல்டர், திக்கர். டபிள்யூ-வில் முடிந்தால் ஒருபோதும் இரட்டிக்காது: ஸ்லோவர், நியூவர். தமிழில் “ஸ்டீப்பர்” என்று எழுதும்போது ஒற்று வருவதைப் பார்த்து ஆங்கிலத்திலும் பீ-யை இரட்டிக்கிறார்கள். அதனால் காதை நம்பாமல் எழுத்தை எண்ணுங்கள்.

6. விதிக்கு அடங்காதவை

இவற்றைப் பாடமாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை, நல்லவேளையாகச் சிலதான். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வேர்ஸ், வேர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச்சுக்கும் மெனிக்கும் மோர், மோஸ்ட். தூரத்துக்கு ஃபார், ஃபாதர், ஃபாதெஸ்ட். ஏ-க்குப் பதில் யூ போட்டு எழுதும் ஃபேதர் என்ற வடிவமும் தூரத்துக்கு வரும். “மேலதிக” என்ற பொருளுக்கு ஃபேதர் மட்டுமே.

“மோர் பெட்டர்” வேண்டாம், “வேர்ஸர்” என்று ஒன்று இல்லை.

அண்ணன், அக்கா என்று எழுதும்போது எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர். ஆனால் எல்டருக்குப் பின் தேன் வராது. “அக்கா என்னை விட மூன்று வயது மூத்தவர்” என்பதற்கு ஓல்டர்தான்: “மை எல்டர் சிஸ்டர் இஸ் த்ரீ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ.” ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருவதால் இதைப் பலமுறை எழுதிப் பழகுவது நல்லது.

7. த, இன், ஒஃப்

சுப்பர்லட்டிவுக்கு முன் “த” வரும். உலகில் ஒன்றே ஒன்றைத்தான் சுட்டுகிறீர்கள், அதனால் அது எது என்பது உறுதி. மை, ஹிஸ், அவர் போன்ற உடைமைச்சொல் இருந்தால் “த” வேண்டாம்: “மை பெஸ்ட் ஃப்ரெண்ட்.” சுட்டும் வேலையை “மை” பார்த்துவிட்டது.

இடத்துக்கு இன், கூட்டத்துக்கு ஒஃப். “த ஹையெஸ்ட் மவுன்டன் இன் ஸ்ரீலங்கா.” “த ஹையெஸ்ட் ஒஃப் த த்ரீ.” தமிழில் “இலங்கையின்” என்று ஆறாம் வேற்றுமையில் சொல்லிப் பழகியதால் கை தானாகவே ஒஃப் எழுதும். ஊர், நாடு, பாடசாலை, தோட்டம் என்றால் இன் என்று மனதில் வையுங்கள்.

“ஒன் ஒஃப் த” என்று தொடங்கினால் பின்னால் பன்மை. பம்பரகந்தவைப் பற்றி எழுதும்போது “த ஹையெஸ்ட் வோட்டர்ஃபோல் இன் ஸ்ரீலங்கா” என்று ஒருமை. டெவனைப் பற்றி எழுதும்போது “ஒன் ஒஃப் த மோஸ்ட் பியூட்டிஃபுல் வோட்டர்ஃபோல்ஸ்”. பலவற்றுள் ஒன்று, ஆகவே அந்தப் பல தெரிய வேண்டும். தமிழில் “மிக அழகான நீர்வீழ்ச்சிகளுள் ஒன்று” என்று நாமும் பன்மைதான் சொல்கிறோம். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் கடைசி எஸ்-ஸை விட்டுவிடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

8. எவ்வளவு வித்தியாசம்

கம்பரட்டிவுக்கு முன் “வெரி” வராது. “வெரி கோல்டர்” என்பது நம் “மிகவும்” தேடிப் போய் விழும் குழி. பெரிய வித்தியாசத்துக்கு மச் அல்லது ஃபார், சிறியதற்கு எ லிட்டில். “நுவரெலியா இஸ் மச் கோல்டர் தேன் கண்டி.” “கிரிகல்பொத்தை இஸ் எ லிட்டில் ஹையர் தேன் சிவனொளிபாதமலை.” எண் தெரிந்தால் அதையே முன்னால் போடலாம்: “டெவன் இஸ் செவன்டீன் மீற்றர்ஸ் ஹையர் தேன் சென்கிளேயர்.”

9. சமமும் குறைவும்

சமம் என்றால் எஸ் (ஏ, எஸ் என்ற இரண்டெழுத்துச் சொல்) இரண்டு, நடுவே மாறாத பெயரடை: “எஸ் டோல் எஸ்.” நடுவில் டோலரைப் போடக்கூடாது, ஏனென்றால் யாரும் யாரையும் மிஞ்சவில்லை. “நொட் எஸ் கோல்ட் எஸ்” என்றால் அவ்வளவு குளிரில்லை. மோரையும் ஒட்டையும் பற்றிச் சந்தேகம் வந்து மணியும் அடிக்கப் போகிறது என்றால், வாக்கியத்தைத் திருப்பி இந்த வடிவத்தில் எழுதிவிடுங்கள். புள்ளி தப்பும்.

எண்ணக்கூடியவை குறைந்தால் ஃபியூவர், எண்ண முடியாதவை குறைந்தால் லெஸ். ஃபியூவர் பஸஸ், லெஸ் சுகர். கூடுதலுக்கு இந்தப் பிரிவு இல்லை, இரண்டுக்கும் மோர்தான்.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர் போன்றவற்றுக்குப் பின் தேன் அல்ல, டு. விண்ணப்பக் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

10. ஏற ஏற

“மேலே போகப் போகக் குளிர் கூடும்” என்பதை ஆங்கிலத்தில் இரண்டு “த” வைத்துச் சொல்வார்கள்: “த ஹையர் யூ கோ, த கோல்டர் இட் கெட்ஸ்.” இரண்டு பாதியிலும் கம்பரட்டிவ், நடுவே ஒரு காற்புள்ளி. இந்த இடத்தில் தேன் தேவையில்லை. நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் மேலே வந்தவர் எவருக்கும் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மெல்ல மெல்லக் கூடினால் அண்ட் போட்டு இரட்டியுங்கள்: “கோல்டர் அண்ட் கோல்டர்.” நீண்ட சொல் என்றால் மோரை மட்டும் இரட்டிக்க வேண்டும்: “மோர் அண்ட் மோர் எக்ஸ்பென்சிவ்.”

11. எழுதியதைத் திருத்தும் ஒழுங்கு

சாதாரண தர வினாத்தாளில் வரைபடத்தைப் பார்த்து விவரிக்கச் சொல்லும் கேள்வி இந்தப் பாடம் முழுவதையும் ஒரே பந்தியில் சோதிக்கும். 40 மாணவர் உள்ள ஒரு வகுப்பில் 18 பேர் பஸ்ஸில், 12 பேர் நடந்து, 6 பேர் வேனில், 4 பேர் ரயிலில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதியதை இந்த வரிசையில் பாருங்கள்: தகவல் உண்மையா, இரு பக்கமும் ஒரே இனமா, வடிவம், கடைசியில் தேனும் த-வும். எழுத்துப் பிழையை முதலில் திருத்தப் போனால் பொய்யான வாக்கியத்தை அழகாக எழுதிவைத்துவிடுவீர்கள்.

“மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ் கம் பை பஸ்.” இலக்கணம் சரி, தகவல் தவறு. மோஸ்ட் என்றால் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். 40-இல் 18 பாதி கூட இல்லை. “த லார்ஜெஸ்ட் நம்பர் ஒஃப் ஸ்டூடன்ட்ஸ் கம் பை பஸ்” என்று எழுதுங்கள்.

“வோக்கிங் இஸ் மோர் பொப்பியூலர் வேன்.” தேன் இல்லை, இனமும் பொருந்தவில்லை. நடப்பது ஒரு செயல், வேன் ஒரு வாகனம். “வோக்கிங் இஸ் மோர் பொப்பியூலர் தேன் டிரவலிங் பை வேன்.”

“லெஸ் ஸ்டூடன்ட்ஸ் கம் பை ட்ரெயின் தேன் பை வேன்.” மாணவரை எண்ணலாம், ஆகவே ஃபியூவர்.

“ட்ரெயின் இஸ் லீஸ்ட் பொப்பியூலர்.” இரண்டு இடத்தில் த விடுபட்டிருக்கிறது: “த ட்ரெயின் இஸ் த லீஸ்ட் பொப்பியூலர்.”

நேரம் மிச்சமிருந்தால் மடங்குக் கணக்கு ஒன்றையும் சேருங்கள். நடந்து வருகிறவர்கள் வேனில் வருகிறவர்களைப் போல இரண்டு மடங்கு: “ட்வைஸ் எஸ் மெனி ஸ்டூடன்ட்ஸ் வோக் எஸ் கம் பை வேன்.” ட்வைஸுக்குப் பின் மோர் போடாமல், இரண்டாவது எஸ்-ஸையும் மறக்காமல் எழுத வேண்டும்.